இரண்டாவது ஸ்லைடு

பூனையின் ரத்தத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு முப்பத்துநான்கு வயது. அதுவரை மனித ரத்தம் மட்டும்தான். கல்வராயன் மலையில் மலேரியாக் காய்ச்சலுக்கு, ரத்தம் தடவிய கண்ணாடி ஸ்லைடு பார்க்கும் ஒப்பந்த வேலையில் ஆறு வருஷம் இருந்தேன். அது முடிந்ததும் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன், கடை என்றுதான் சொல்வோம். கள்ளக்குறிச்சி வெறும் தாலுகாவாக இருந்த காலம் அது. சர்க்கரை, உப்பு, காமாலை என்று எது வந்தாலும் பார்ப்பேன். காய்ச்சல் ஸ்லைடு வந்தால் மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன். இந்த ஊரில் என்னைவிட நன்றாக ஸ்லைடு பார்க்கிறவன் இல்லை என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். வேறு யாரும் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் வெள்ளிமலை பஸ் கண்டக்டர் கடைக்குள் வந்தார். மலையில் வேலை பார்த்த காலத்திலேயே பழக்கம். கையில் ஒரு பிளாஸ்க் இருந்தது.

"இன்னா சார், நல்லா இருக்கீங்களா? மலை மேல மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா குடுத்தாங்க. ரத்தமாம். மடியிலயே வச்சிகினு வந்தேன்."

"யாரோட ரத்தம்?"

"பூனையோடது சார்."

கண்டக்டர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். பிளாஸ்கில் ஐஸ் துண்டுகளுக்கு நடுவே, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போட்ட சின்ன ட்யூப் ஒன்று இருந்தது. கூடவே பாலிதீன் உறைக்குள் ஒரு சீட்டு. "பெண் பூனைக்குட்டி, சுமார் நான்கு மாதம். காய்ச்சல் இருக்கிறது. ஈறு வெளுத்திருக்கிறது. சுண்ணாம்புச் சுவரை நக்குகிறது. ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும். இங்குள்ள மைக்ராஸ்கோப் லென்ஸில் பூஞ்சை பிடித்து, சென்னைக்கு அனுப்பியிருக்கிறோம்."

மலையின் ஈரத்தில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிப்பது எனக்குத் தெரிந்த தொல்லைதான். என் மனதில் நின்றது சுண்ணாம்புச் சுவர். எனக்கு வரும் சீட்டுகளில் டாக்டர்கள் கோழி கிளறியது போல இரண்டு எழுத்து எழுதி அனுப்புவார்கள். இந்த டாக்டர் அந்தக் குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அது என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறார். உடம்பில் ரத்தம் குறைந்தால் பிள்ளைகள் மண்ணைத் தின்னும், பூனை சுவரை நக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து, சாயம் போட்டு, அதன் மேல் ஒரு துளி எண்ணெய் விட்டு எண்ணெய் லென்ஸை இறக்கிப் பார்த்தேன். மலேரியாக் கிருமி ரத்தச் செல்லுக்கு உள்ளே இருக்கும், சின்ன மோதிரம் மாதிரி. ஆறு வருஷம் என் கண் அந்த மோதிரத்தைத்தான் தேடியது. பூனையின் செல்லுக்குள்ளும் அதைத்தான் தேடினேன். ஒன்றும் இல்லை. செல்களுக்கு இடையில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் கிடந்தன. சாயம் பழசானால் அடியில் கசடு படியும், அதன் தூசி என்று விட்டுவிட்டேன். "நெகட்டிவ்" என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டு அனுப்பினேன். அந்த இரண்டாவது கோடு முழுக்க மண்டைக்கனம்.

ஐந்து நாள் கழித்து அதே பிளாஸ்க் வந்தது. இந்தத் தடவை சீட்டில் எழுத்து கொஞ்சம் அவசரமாக இருந்தது. "குட்டியால் நிற்க முடியவில்லை. தயவுசெய்து செல்லின் உள்ளே தேட வேண்டாம், ஓரத்தில் பார்க்கவும். சின்னப் புள்ளிகளாக இருக்கும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மாடு பார்க்கிற டாக்டர் எனக்கு ஸ்லைடு பார்க்கச் சொல்லித் தருகிறாரா? மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன், எடுத்தேன். அதற்குப் பெயர் பார்ப்பது அல்ல. மறுபடியும் "நெகட்டிவ்" என்றே எழுதி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. ஆனாலும் போனேன். மலேரியா வேலையில் ஒருவர் நெகட்டிவ் என்று தள்ளிய ஸ்லைடுகளில் கொஞ்சத்தை இன்னொருவர் மறுபடி பார்ப்பார். பார்த்தவன் கண்ணை அவனே நம்பக் கூடாது என்பது அங்கே விதி. என் கடையில் இன்னொருவர் கிடையாது. "குட்டியால் நிற்க முடியவில்லை" என்ற வரியும் வீட்டில் சோற்றை இறங்க விடவில்லை. புதுச் சாயம் கலந்து இரண்டு தடவை வடிகட்டினேன். காய்ச்சல்கார மனிதர் ஒருவரின் ஸ்லைடு ஒன்று, பூனை ஸ்லைடு ஒன்று, இரண்டுக்கும் அதே சாயத்தைப் போட்டேன். மனித ஸ்லைடு துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. பூனை ஸ்லைடில் புள்ளிகள் அப்படியே இருந்தன. சில செல்களின் ஓரத்தில், முறுக்கில் எள் ஒட்டினாற்போல, இரண்டும் மூன்றுமாக ஒட்டிக்கொண்டிருந்தன.

பிறகு முதல் ட்யூபின் ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இருந்தன.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மடியில் என்னுடைய பழைய மைக்ராஸ்கோப் இருந்தது. மரப்பெட்டியோடு வாங்கியது, கரண்ட் வேண்டாம், கீழே உள்ள கண்ணாடியில் வெயில் விழுந்தால் போதும். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். முதலில் இல்லை, இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கிறது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? கரியாலூர் வரைக்கும் அந்தப் பொய் நன்றாகத்தான் இருந்தது.

ஊர்ப் பெயர் வேண்டாம். வெள்ளிமலைக்குக் கொஞ்சம் தள்ளி ரோட்டோரத்தில் ஓட்டுக் கட்டடம். முன் அறை மருந்தகம், பின் அறை டாக்டர் தங்குமிடம். கண்ணாடி போட்ட, வயதான, கடுகடுத்த ஒருவரை நான் எதிர்பார்த்திருந்தேன். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, முழங்கை வரை பூனைக் கீறலோடு வெளியே வந்தவருக்கு முப்பதுதான் இருக்கும். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் நான் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மேடம், மொத ட்யூப்லயே இருந்துச்சு. நான்தான் சரியா பாக்கல" என்றேன். கரியாலூரில் யோசித்த பொய் வாயிலேயே வரவில்லை.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அன்றைக்கே வேலையை முடித்துக்கொண்டு இறங்கியிருப்பேன்.

"ட்யூப்ல ரொம்ப நேரம் கெடந்தா அது செல்ல விட்டுக் கழண்டுருங்க சார். பஸ்ல மூணு மணி நேரம் வருதில்ல? தப்புல பாதி என்னுது. நான் ஸ்லைடாவே இழுத்து அனுப்பிருக்கணும்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "உங்க ரிசல்ட்ட நம்பி பூச்சி மருந்தும் இரும்பு டானிக்கும்தான் குடுத்துகினு இருந்தேன். ஒரு வாரம் போயிடுச்சு."

பாதி என்று அவர் பங்கு பிரித்துக்கொண்டது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

குட்டி ஒரு அட்டைப்பெட்டியில் பழைய துண்டின் மேல் கிடந்தது. சாம்பல் நிறம், முதுகில் கறுப்புக் கோடு. பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். இதன் தாய் ஐந்தாவது வீடாகவோ ஆறாவது வீடாகவோ இந்த மருந்தகத்துக்கு வந்து, மற்றவற்றைத் தூக்கிக்கொண்டு இதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. அந்தப் பூச்சி கடித்துத்தான் இந்தக் கிருமி பூனைக்குப் பூனை போகிறது என்று அவர் சொன்னார். மேல் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. விலா எலும்பு ஓட்டப்பந்தயம் ஓடியது போல ஏறி இறங்கியது.

அவர் குட்டியின் காது ஓரத்தில் ஊசியால் மெல்லக் குத்தினார். ஒரு சொட்டு வந்தது. சிவப்பாகக்கூட இல்லை, தண்ணீர் கலந்த ரோஸ் நிறம். நான் அதை ஸ்லைடின் ஒரு முனையில் வாங்கி, இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் இழுத்தேன். சாயம் ஊறும் வரை இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு வாசல் மதில் மேல் மைக்ராஸ்கோப்பை வைத்து, மழைக்கு நடுவே வந்த கொஞ்ச வெயிலைக் கண்ணாடியில் பிடித்தேன். புத்தம் புது ரத்தத்தில் ஒன்றும் கழன்று விழவில்லை. செல்லுக்குச் செல் ஓரத்தில் எள்.

"நீங்க பாருங்க" என்று நகர்ந்தேன். அவர் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை லென்ஸில் வைத்தார். மூடிய கண்ணின் இமை லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. நான் என் வேலையை மறந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அது ஆரம்பித்தது. மறைக்க என்ன இருக்கிறது?

சிகிச்சை உடனே தொடங்கியது. மனிதர்களுக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற மாத்திரைதான், குட்டியின் எடைக்குத் தகுந்தபடி துளி. மூன்று வாரம் கொடுக்க வேண்டும். உடம்பே தன் ரத்தத்தை எதிரி என்று நினைத்து அழிக்குமாம். அதை அடக்க இன்னொரு மருந்து. ஒவ்வொரு வேளையும் மாத்திரை உள்ளே போனதும் ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரத்தில் தண்ணீர் விட்டார். "இந்த மாத்திரை தண்ணியில்லாம தொண்டையில ஒட்டிகினா புண்ணாக்கிடுங்க. அப்புறம் கிருமி சாவும், பூனை பட்டினியில சாவும்" என்றார். நான் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை குட்டி கண்ணைத் திறக்கவே இல்லை.

இரண்டு நாள் நான் கடையில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அது செத்தால் கொன்றவன் நான் என்று எனக்குத் தெரியும். கொன்றவனை அந்த அம்மாள் மறுபடி எதற்குக் கூப்பிடப் போகிறார் என்பதும் தெரியும். இரண்டில் எந்தப் பயம் பெரிது என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் கண்டக்டர் சந்துக்குள் நுழையும்போதே கத்தினார்.

"சார்! ஒங்க பூனை கருவாட்டுத் தலையத் தின்னுச்சாம்!"

மூன்று வாரம் முடிந்ததும் சீட்டு வந்தது. "குட்டி நலம். மறு ஸ்லைடு பார்க்க வேண்டும். நீங்களே வந்து இழுத்தால் நல்லது." போனேன். எதற்கு நானே வர வேண்டும் என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"எனக்கு இவ்ளோ மெல்லிசா இழுக்க வரலைங்க சார். நீங்க இழுக்கிறாப்ல வராது" என்றார்.

கால்நடை மருத்துவம் ஐந்து வருஷம் படித்தவர்கள் எத்தனை நூறு ஸ்லைடு இழுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் புகழ்ச்சி காதில் விழுந்துவிட்டால் அறிவு வாசலோடு நின்றுவிடும். நம்பினேன்.

அப்படி மாதம் ஒரு ஞாயிறு என்று ஆனது. எந்த ஞாயிறு என்று அவரிடமிருந்து சீட்டு வரும், காலை பஸ்ஸில் போவேன். எப்போதும் இரண்டு ஸ்லைடு இழுப்பேன், மலேரியா வேலையில் வந்த பழக்கம். ஒன்று உடைந்தால் ஒன்று. தேதியை வைர முனையால் கண்ணாடியிலேயே கீறிவிடுவேன். ஒன்றைக் கடைக்கு எடுத்து வந்து, சாயம் போட்டுப் பார்த்து, முடிவைக் கண்டக்டரிடம் அனுப்புவேன். மற்றதைச் சாயம் போடாமல் அவரிடமே வைத்துவிட்டு வருவேன்.

சனிக்கிழமையே சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடுவேன். சந்தையில் கருவாட்டுத் தலை வாங்கித் தாளில் சுற்றிக்கொள்வேன். பஸ் முழுக்க அந்த வாசனைதான். கண்டக்டர் விடமாட்டார். "இன்னா சார் நீங்க, பொண்ணு பாக்கப் போறவன் பூ வாங்கிகினு போவான். நீங்க கருவாடு எடுத்துகினு போறீங்களே!" என்பார். பூனைக்கு என்பேன். "ஆமாமா, பூனைக்குத்தான்" என்று டிக்கெட்டைக் கிழிப்பார்.

என்ன பேசினோம் என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. கிருமியை விரட்டினால் போதாது, தெள்ளையும் விரட்ட வேண்டும் என்று அவர் ஊரில் வீடு வீடாகச் சோப்புத் தண்ணீரும் சீப்புமாகப் போய்ப் பூனைகளுக்குத் தலை வாரிவிட்ட கதையைச் சொல்வார். ஜனங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார்களாம். கல்யாணத்துக்கு அவர் வீட்டில் நெருக்குவதையும், லீவு இல்லை என்று தட்டிக் கழிப்பதையும் ஒரு தடவை சொன்னார். அவர்கள் சின்னசேலம் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். அப்படிப்பட்ட நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவள் என் அம்மா. அதை அவரிடம் சொல்லவில்லை. எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொண்டேன்.

மதியம் டீ வைத்துக் கொடுப்பார். இஞ்சி தட்டிப் போட்ட டீ. பின் அறைக் கதவு திறந்திருக்கும், அங்கே மேஜை தெரியும். தை மாதம் போனபோது அந்த மேஜை மேல் பூப்போட்ட துணி போர்த்தி ஏதோ உயரமாக இருந்தது. பொங்கலுக்கு மிக்ஸி வாங்கியிருக்கிறார் போல என்று நினைத்தேன். ஒற்றை ஆளுக்கு எதற்கு மிக்ஸி என்றும் நினைத்தேன். கேட்கவில்லை.

ஆரம்பத்திலேயே ஒரு கணக்கு சொல்லியிருந்தார். "இது முழுசா போச்சுன்னு சொல்ல முடியாதுங்க சார். உள்ள எங்கியாவது ஒளிஞ்சிகினு இருக்கும். ஒரு நா தெரியும், ஒரு நா தெரியாது. பூனை பயந்தாலோ பட்டினி கெடந்தாலோ திரும்பி வரும். ஆறு மாசம் தொடர்ந்து சுத்தமா இருந்தா பாக்கறத விட்டுரலாம்."

கார்த்திகையில் ஓரிரண்டு எள் இருந்தது. மார்கழி சுத்தம். தை, மாசி, பங்குனி, சித்திரை எல்லாம் சுத்தம். பூனை கொழுத்து, மதில் மேல் நடந்து, என் கால் சட்டையில் உரசும். ஒவ்வொரு சுத்தமான ஸ்லைடுக்கும் மீதி எத்தனை ஞாயிறு என்று விரல் விட்டு எண்ணினேன். உலகத்தில் ஒரு ஜீவன் பிழைத்து வருவதைப் பார்த்து வருத்தப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வைகாசியும் சுத்தமாக இருந்தால் ஆறு மாசக் கணக்கு முடிந்துவிடும். கடையில் உட்கார்ந்து ஸ்லைடில் ஒரு இம்மி விடாமல் தேடினேன். இத்தனை ஆசையாக ஒரு கிருமியை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ஒன்றுகூட இல்லை. சீட்டை எடுத்து எழுதினேன்: "சில இடங்களில் காணப்படுகிறது. மாத்திரையை மறுபடி தொடங்கலாம். ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்." கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினேன்.

அன்று இரண்டு டீ குடித்தேன். இன்னும் ஆறு மாதம் கிடைத்துவிட்டது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். நான் அந்தப் பூனையைவிட மோசம்.

நாலாம் நாளிலிருந்து அந்த மாத்திரை என் தொண்டையில் ஒட்ட ஆரம்பித்தது. ஒன்றும் இல்லாத பூனையின் வாயைத் தினமும் பிளந்து அவர் மாத்திரை போடுகிறார். தண்ணீர் ஒரு வேளை சரியாக இறங்காவிட்டால்? அது கடித்து அவர் கை புண்ணானால்? திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல யாரிடமும் சொல்ல முடியவில்லை. பத்தாம் நாள், வேலை நாளில், கடையில் பொய் சொல்லிவிட்டு மலை ஏறினேன். இந்தத் தடவை மடியில் கருவாடும் இல்லை, பெட்டியும் இல்லை.

மருந்தகத்தில் ஆள் இல்லாத நேரம். பூனை மதில் மேல் படுத்திருந்தது. செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"மேடம், அது பொய். ஸ்லைடுல ஒண்ணும் இல்ல. மாத்திரைய நிறுத்திடுங்க."

எதற்காகப் பொய் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் போயிருந்தேன். பஸ்ஸில் வாக்கியமெல்லாம் தயாராக இருந்தது. அதற்குள் அவர், "தெரியுங்க சார். மாத்திரை நான் குடுக்கவே இல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் பின் அறைக்குப் போய், மேஜை மேலிருந்த பூப்போட்ட துணியை எடுத்தார். மிக்ஸி இல்லை. மைக்ராஸ்கோப். லென்ஸ் பளபளவென்று இருந்தது.

"சென்னையிலேருந்து வந்துடுச்சு. நீங்க வச்சிட்டுப் போன ஸ்லைட நானே பாத்தேன்."

"எப்ப வந்துச்சு?"

அவர் துணியை மடித்துக்கொண்டே, "ரெண்டு மாசமாச்சு" என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவமானம் உச்சியில் ஏறினால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். பிறவிக் குணம். "அப்புறம் எதுக்கு என்ன வரச் சொன்னீங்க? சோதிச்சுப் பாத்தீங்களா? ஆள் எவ்வளவு தூரம் போறான்னு?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. மதில் மேலிருந்த பூனை குதித்து ஓடியது.

"அப்படி இல்லைங்க..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். ஸ்டவ் பக்கம் திரும்பி, "டீ வைக்கிறேன். குடிச்சிட்டுப் போங்க" என்றார். ஸ்டவ்வைப் பம்ப் அடிக்கும் சத்தம் கேட்டது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்குதுங்க."

நான் இறங்கி நடந்துவிட்டேன். அந்த நிறுத்தத்தில் நிற்க மானம் இடம் கொடுக்கவில்லை, அடுத்த நிறுத்தம் வரை நடந்தேன். பஸ் வந்தபோது கண்டக்டர், "இன்னா சார், இங்க வந்து நின்னுகினு இருக்கீங்க? டாக்டரம்மா அங்க ரோட்டு மேலயே நின்னு, வண்டிக்குள்ள எட்டி எட்டிப் பாத்துகினு இருந்தாங்களே" என்றார். வேடிக்கை முடிந்ததா என்று பார்க்க நின்றிருப்பார் என்று நினைத்தேன். அப்போது எனக்கு அப்படித்தான் நினைக்க வந்தது.

ஆனி போயிற்று, ஆடி போயிற்று. சீட்டு வரும் என்று காத்திருந்தேன். அவர் என்ன எழுதுவார்? கோபித்துக்கொண்டு போனவன் நான். ஆவணியில் ஒரு நாள் கண்டக்டர் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொண்டு வந்தார்.

"டாக்டரம்மா மாத்தலாகிப் போயிட்டாங்க சார். தெக்க எங்கியோ. பூனையையும் கூடையில போட்டுத் தூக்கிகினு போனாங்க. இத ஒங்களாண்ட குடுக்கச் சொன்னாங்க."

கட்டை அவிழ்க்காமலே தெரிந்தது, ஸ்லைடுப் பெட்டி. நான் விட்டுவந்த இரண்டாவது ஸ்லைடுகள். என் குப்பையை எனக்கே திருப்பி அனுப்பிவிட்டார் என்று அலமாரியின் உச்சியில் தூக்கிப் போட்டேன். எந்த ஊருக்கு மாற்றம் என்று விசாரித்திருக்கலாம். கண்டக்டர் அதற்காகவே கொஞ்ச நேரம் நின்றார்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு ஆயிரம் காரணம் இருக்கிறது, இதுவும் ஒன்று. இஞ்சி டீ எங்கே குடித்தாலும் பாதியில் வைத்துவிடுவேன். வெள்ளிமலை பஸ் நிலையத்துக்குள் திரும்பும்போது இன்றைக்கும் கடையில் செய்கிற வேலையை நிறுத்துகிறேன். அவரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வருஷங்கள் ஆக ஆகக் குறையும் என்று சொன்னார்கள். சொன்னவர்களுக்கு அனுபவம் போதாது. சில மாதம் ஒன்றும் தெரியாது, துடைத்து வைத்த மாதிரி இருக்கும். பிறகு ஒரு நாள் அப்படியே திரும்பி வரும்.

போன வருஷம் கடையைப் பெரிய கட்டடத்துக்கு மாற்றினார்கள். அலமாரியைக் காலி செய்தபோது பொட்டலம் கையில் விழுந்தது. செய்தித்தாள் பழுத்துப் பொடியாகியிருந்தது. பெட்டியைத் திறந்தேன். ஏழு ஸ்லைடுகள் மாத வரிசையில் நின்றன, நான் கீறிய தேதியோடு.

கார்த்திகையும் மார்கழியும் நான் விட்டுவந்தபடியே இருந்தன. சாயம் இல்லை, பழுப்பாக ரத்தத் தடம் மட்டும்.

தை ஸ்லைடு ஊதா நிறத்தில் இருந்தது. சாயம் போட்டிருந்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். நடுவில் எண்ணெய்ப் பிசுக்கு காய்ந்து, மஞ்சளாகத் தூசி பிடித்திருந்தது. எண்ணெய் லென்ஸில் வைத்துப் பார்த்த ஸ்லைடில் மட்டும்தான் அது இருக்கும். மாசியை எடுத்தேன். ஊதா, எண்ணெய். பங்குனி, சித்திரை, வைகாசி, எல்லாவற்றிலும் ஊதா, எண்ணெய்.

ஒவ்வொன்றையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். மெல்லிசாக, நிதானமாக, என்னைவிட அழகாகச் சாயம் போடப்பட்டிருந்தது. அந்தக் கைக்கு ஸ்லைடு இழுக்க வராதாம்.

தை மாதத்திலேயே லென்ஸ் வந்துவிட்டிருக்கிறது. மிக்ஸி என்று நான் நினைத்த அன்றைக்கே. பூனை நன்றாக இருக்கிறது என்று அவருக்கு அன்றைக்கே தெரியும். ஸ்லைடு பார்க்க நான் வேண்டியதில்லை, இழுக்கவும் நான் வேண்டியதில்லை. அதன் பிறகும் மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று மாதாமாதம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சீட்டு எழுதியிருக்கிறார். நான் ஒரு பொய் எழுதினேன். அவர் நாலு மாதம் எழுதியிருக்கிறார்.

வாயால் சொல்ல முடியாததை எனக்குப் படிக்கத் தெரிந்த ஒன்றில் வைத்து அனுப்பியிருக்கிறார். எண்ணெயைக்கூடத் துடைக்கவில்லை. அதை இத்தனை வருஷம் நான் திறக்கவே இல்லை.

புதுக் கட்டடத்தில் என் மேஜை மேல் அந்தப் பெட்டி இருக்கிறது. பையன்கள் தூக்கிப் போடட்டுமா என்று கேட்கிறார்கள், வேண்டாம் என்கிறேன். ஏழு ஸ்லைடையும் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனால் எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் கண்ணில் நிற்பது ரத்தம் இல்லை. ஸ்டவ்வைப் பம்ப் அடிக்கும் சத்தம்தான் காதில் கேட்கிறது.

அன்றைக்குப் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.